சிவப்பு, நீலம் பிரிந்து நிற்கும் கிளிட்ச் படம்: ஏன் எல்லாமே ஆப் போட்ட மாதிரி இருக்கிறது?

ஜூன் 14, மாலை. ஆரியங்காவிலிருந்து ஒரு வாசகர்

அண்ணாச்சி, புனலூரில் நண்பர்கள் ஒரு பாட்டுக் குழு வைத்திருக்கிறார்கள். ஓணத்துக்கு நிகழ்ச்சி. போஸ்டர் என் பொறுப்பு. முகத்தின் ஓரத்தில் சிவப்பும் நீலப்பச்சையும் பிரிந்து நிற்குமே, அந்த கிளிட்ச் வேண்டும் என்கிறார்கள். ஃபோனில் ஆப் போட்டு பட்டனை அழுத்தினால் வந்துவிடுகிறது. ஆனால் பார்க்கிறவர்கள் எல்லாரும் டிக்டாக் லோகோ மாதிரி இருக்கிறது என்கிறார்கள். நிஜமாகவே கெட்டுப்போன படம் மாதிரி வரவில்லை. கம்ப்யூட்டரும் போட்டோஷாப்பும் இல்லாமல் இது நடக்காது என்பது என் முடிவு. சரிதானே?

ஜூன் 14, இரவு. அண்ணாச்சியின் பதில்

இல்லை தம்பி. ஃபோனிலேயே செய்யலாம். பட்டனை விட்டுவிட்டுக் கையால் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

டிஜிட்டல் படம் என்பது மூன்று கறுப்பு வெள்ளைப் படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பது. சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்கள். அந்த மூன்று படங்களில் ஒவ்வொன்றும் ஒரு சேனல். மூன்றில் ஒன்றை இடம் மாற்றினால் ஓரங்களில் நிறம் பிதுங்கும். நிறம் பிரிக்க கிளிட்ச் ஆப்கள் செய்வது இதுதான்.

லேயர், அதாவது படத்தின்மேல் படமாக அடுக்கும் வசதி உள்ள எந்த ஆப்பிலும் இப்படிச் செய்: அடியில் முழுக் கறுப்பு. அதன்மேல் படத்தின் மூன்று பிரதிகள். ஒன்றின்மேல் சுத்தச் சிவப்பை மல்டிப்ளை என்ற பிளெண்டிங் (கலக்கும்) முறையில் வைத்து அதோடு சேர்த்துவிடு. இன்னொன்றில் சுத்தப் பச்சை, மூன்றாவதில் சுத்த நீலம். பிறகு மூன்று பிரதிகளையும் ஸ்கிரீன் முறைக்கு மாற்று. பழைய படம் அப்படியே திரும்பி வந்துவிடும். இப்போது ஏதாவது ஒன்றைத் தள்ளிப் பார்.

போட்டோஷாப் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுருக்கம். லேயரைப் பிரதி எடுத்து அதன்மேல் இரண்டு முறை தட்டினால் வரும் பெட்டியில் ஆர், ஜி, பி என்று மூன்று டிக் இருக்கும். பச்சை, நீல டிக்கை எடுத்துவிட்டு அம்புக்குறியால் நகர்த்தினால் போதும். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு நகர்த்தினால் பத்துப் பத்துப் பிக்சலாகப் போகும். கிம்ப் என்ற படச் செயலியில் நிற மெனுவில் டீகம்போஸ் செய்து, நகர்த்திவிட்டு, ரீகம்போஸ்.

ஜூன் 15

காலையில் ஒருவர் கேட்டிருந்தார்: சிவப்பை வலப்பக்கம் தள்ளினேன், சட்டையில் சிவப்பு வலப்பக்கம் வந்தது, தலைமுடியில் மட்டும் இடப்பக்கம் வருகிறது, ஆப் கோளாறா?

கோளாறு இல்லை. இருட்டுப் பின்னணியில் வெள்ளைப் பொருள் இருந்தால் தள்ளிய பக்கம் சிவப்பு தனியாக நீட்டிக்கொள்ளும். மறுபக்கம் சிவப்பு போய் பச்சையும் நீலமும் மட்டும் மிஞ்சும், அதுதான் நீலப்பச்சை. வெளிர் சுவர் முன்னால் கறுப்பு முடி என்றால் எல்லாம் தலைகீழ். தள்ளிய பக்கம் முடியின் இருட்டு வந்து சுவரின் சிவப்பை விழுங்கும், அங்கே நீலப்பச்சை. மறுபக்கம் சிவப்பு.

இந்த விதி படத்துக்குப் படம் மாறாது. அதனால்தான் லோகோ மாதிரி இரண்டு நிற நிழலை வெட்டி ஒட்டினால் ஏதோ சரியில்லை என்று கண் சொல்லிவிடுகிறது. ஒட்டிய நிழலில் எல்லா ஓரத்திலும் சிவப்பு ஒரே பக்கம் இருக்கும். உண்மையாகச் சேனல் நகர்ந்த படத்தில் முடிக்கு ஒரு பக்கம், சட்டைக்கு மறுபக்கம்.

பச்சையைத் தள்ளினால் பச்சையும் மெஜந்தாவும் (ஊதா கலந்த சிவப்பு) வரும். நீலத்தைத் தள்ளினால் நீலமும் மஞ்சளும்.

ஜூன் 17

எந்தச் சேனலைத் தள்ளுவது என்று யாருமே கேட்கவில்லை. முகம் கெட்டுப்போவதே இங்கேதான்.

பச்சையைத் தொடாதே. கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரிவதில் பெரும்பங்கு பச்சையில் இருக்கிறது. தொலைக்காட்சிக்கு வகுத்த பழைய கணக்கே சிவப்பு 0.299, பச்சை 0.587, நீலம் 0.114. பச்சை நகர்ந்தால் முகமே நகர்ந்துவிடும், கண்ணும் உதடும் இரண்டிரண்டாகத் தெரியும். பச்சையை அப்படியே நிறுத்திவிட்டுச் சிவப்பை ஒரு பக்கமும் நீலத்தை எதிர்ப்பக்கமும் தள்ளினால் முகம் முகமாகவே இருக்கும், நிறம் மட்டும் கிழியும்.

நம்மவர்கள் தோலில் சிவப்புச் சேனல்தான் வெளிச்சமானது, வழவழப்பானது. நீலச் சேனல் இருண்டு, புள்ளி புள்ளியாக இரைச்சல் நிறைந்து கிடக்கும். நீலத்தை அதிகமாகத் தள்ளினாலும் முகத்தில் பெரிதாக உறுத்தாது. சிவப்பில்தான் கை அடக்கம் வேண்டும்.

ஜூன் 18

எத்தனை பிக்சல் என்று கேட்காதீர்கள். படத்தின் அகலத்தில் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். 1080 பிக்சல் படத்தில் ஒரு சதவீதம் என்றால் பதினொன்று. பத்து அடி பேனரை 72 டிபிஐயில் (அங்குலத்துக்கு 72 புள்ளி) வைத்தால் அகலம் 8640 பிக்சல், அதில் ஒரு சதவீதம் 86. ஃபோனில் பத்துப் பிக்சல் தள்ளி அழகு பார்த்துவிட்டு பேனரிலும் அதே பத்தைப் போட்டால் பஸ்ஸில் போகிறவர் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது.

ஜூன் 22

ஞாயிற்றுக்கிழமை, கடையில் ஆள் இல்லை. எனக்கு இதில் முக்கியமாகப் படுவதை இப்போது எழுதிவிடுகிறேன்.

தம்பி கேட்டது ‘நிஜமாகக் கெட்டுப்போன மாதிரி’. எது கெட்டுப்போன மாதிரி? கெட்டுப்போகும் இயந்திரம் ஒன்று இருந்தால்தானே பழுது வரும். லென்ஸ் தரும் பழுது வேறு, பழைய டிவி தருவது வேறு, வீடியோ காசெட் வேறு, அச்சு மிஷின் வேறு, உடைந்த ஃபைல் வேறு. ஆப் இவை எல்லாவற்றையும் ஒரே படத்தில் கொட்டுகிறது. டிவிக் கோடு, காசெட் இழுவல், உடைந்த ஜேபெக் ஃபைலின் கட்டம், எல்லாம் ஒன்றாக. அப்படி ஓர் இயந்திரம் உலகத்தில் இல்லை. கண்ணுக்குப் பெயர் தெரியாது, ஆனால் பொய் என்று தெரிந்துவிடுகிறது. முதலில் இயந்திரத்தை முடிவு செய். அந்த இயந்திரம் செய்யாத எதையும் படத்தில் செய்யாதே.

லென்ஸ்: விலை குறைந்த லென்ஸ் ஒவ்வொரு நிறத்தையும் கொஞ்சம் வேறு வேறு அளவில் பெரிதாக்குகிறது. நடுவில் சுத்தமாக இருக்கும், மூலைக்குப் போகப் போக விலகும். இதற்குச் சேனலைத் தள்ளக் கூடாது. சிவப்பை மட்டும் நடுவிலிருந்து 100.5 சதவீதமாகப் பெரிதாக்கு. முகம் நடுவில் இருக்கும் போஸ்டருக்கு இதைவிட நல்லது இல்லை.

பழைய பிக்சர் டியூப்: பின்னால் மூன்று எலெக்ட்ரான் துப்பாக்கிகள், ஒவ்வொரு நிறத்துக்கும் ஒன்று. மூன்று கற்றைகளும் ஒரே இடத்தில் விழ வேண்டும். விழாவிட்டால் வெள்ளை எழுத்தின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் எட்டிப் பார்க்கும். நடுவைவிட மூலைகளில் மோசமாக இருக்கும், ஒரு மூலையில் ஒரு திசை, எதிர்மூலையில் வேறு திசை. என் மாமா டிவி ரிப்பேர் பார்த்தவர். டியூபின் கழுத்தில் இருக்கும் காந்த வளையங்களைத் திருகி, திரையில் வெள்ளைக் கட்டம் போட்டு, மூன்று கோடுகளும் ஒன்றாகும்வரை பொறுமையாக உட்கார்ந்திருப்பார். டிவி பக்கத்தில் ஸ்பீக்கரை வைத்தால் வரும் ஊதாத் திட்டு இதில் சேராது. அதில் ஓரம் பிரியாது, இடமே நிறம் மாறும்.

அச்சு மிஷினைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

ஜூன் 23

தென்காசியிலிருந்து ஒருவர் எழுதுகிறார்: அந்தக் காலத்தில் மலையடிவாரத்தில் தூர்தர்ஷன் பார்த்தால் இப்படித்தான் சிவப்பு நீலமாக இரட்டையாகத் தெரியும்.

இரட்டையாகத் தெரியும், சரி. சிவப்பு நீலமாகத் தெரியாது. செங்கோட்டையில் ஆன்டெனாவைக் கொடைக்கானல் பக்கம் திருப்பி வைத்திருந்தோம். நேராக வரும் அலையோடு மலையில் பட்டுத் திரும்பிய அலையும் தாமதமாக வந்து சேரும், அதனால் உருவத்துக்கு வலப்பக்கம் மங்கலாக இன்னொரு உருவம். அலை கூடுதலாக 300 மீட்டர் சுற்றி வந்தால் ஒரு மைக்ரோ விநாடி தாமதம். திரையில் ஒரு கோடு வரைய 52 மைக்ரோ விநாடி. ஆக 300 மீட்டர் சுற்றுக்கு நிழல் திரையின் அகலத்தில் 52-இல் ஒரு பங்கு தள்ளி விழும், இருபது அங்குல டிவியில் முக்கால் சென்டிமீட்டர். மலை எவ்வளவு தூரம் என்று டிவியை வைத்தே அளந்திருக்கலாம்!

அந்த நிழல் முழுப்படத்தின் நிழல், சேனல் பிரிவது அல்ல. வேண்டுமானால் முழு லேயரையும் பிரதி எடுத்து, வலப்பக்கம் தள்ளி, ஒபாசிட்டியை இருபது சதவீதமாகக் குறைத்து மங்கலாக வை. நிறத்தைத் தொடாதே.

ஜூன் 29

கல்யாண காசெட். இது பலருக்கும் பிடிக்கும் என்று நினைக்கிறேன், வீடு வீடாக இருந்ததால்.

விஎச்எஸ் என்ற அந்த வீடியோ டேப்பில் வெளிச்ச விவரத்துக்குச் சுமார் 3 மெகாஹெர்ட்ஸ் இடம் உண்டு. நிறத்துக்கு அரை மெகாஹெர்ட்ஸ்கூடக் கிடையாது. அதனால் உருவம் ஓரளவு தெளிவாக இருக்கும், நிறம் மட்டும் பக்கவாட்டில் வழியும். மணப்பெண்ணின் சிவப்புப் பட்டு மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டைமேல் ஏறும். ஒரு காசெட்டிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து இன்னொன்று என்று சொந்தக்காரர்களுக்குப் பிரதி எடுக்க எடுக்க நிறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழேயும் இறங்கும்.

செய்வது எளிது. லேயரைப் பிரதி எடு. கலர் என்ற பிளெண்டிங் முறைக்கு மாற்று. மோஷன் பிளர், கோணம் பூஜ்யம். பிறகு கொஞ்சம் வலப்பக்கமும் துளி கீழேயும் நகர்த்து. சிவப்புச் சேனலைத் தள்ளினால் இது வராது, ஏனென்றால் டேப் சிவப்பு, பச்சை, நீலம் என்று பதிவதே இல்லை. வெளிச்சம் தனி, நிறம் தனி.

ஜூலை 6

குற்றாலத்தில் சீசன் களைகட்டிவிட்டது. எனக்கு மிகவும் பிடித்ததை இன்றைக்குச் சொல்கிறேன். இதில் எதையும் தள்ள வேண்டியதே இல்லை.

ஃபோனை ஸ்டாண்டில் அசையாமல் வைத்து அருவியை மூன்று படம் எடு. முதல் படத்திலிருந்து சிவப்புச் சேனல், இரண்டாவதிலிருந்து பச்சை, மூன்றாவதிலிருந்து நீலம். ஒன்றாகச் சேர். பாறை அசையவில்லை, அதனால் பாறை பாறை நிறத்திலேயே இருக்கும். தண்ணீர் மூன்று படத்திலும் வேறு வேறு, அதனால் அருவி முழுக்க வானவில்லாகச் சிதறும். ஹாரிஸ் ஷட்டர் என்பார்கள். முன்பு லென்ஸ் முன்னால் மூன்று வண்ணக் கண்ணாடிகளை மாற்றி மாற்றி ஒரே ஃபிலிமில் எடுத்தார்கள்.

இதற்கு வேர் இன்னும் பழையது. 1861-இல் மேக்ஸ்வெல் என்ற இயற்பியலாளர் ஒரு துணி நாடாவை மூன்று வண்ண வடிகட்டிகள் வழியாகத் தனித்தனியே படமெடுக்க வைத்து, திரையில் ஒன்றாக விழச்செய்து வண்ணப்படம் காட்டினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்யாவில் புரோகுதின் கோர்ஸ்கி என்ற புகைப்படக்காரர் மூன்று படங்களை அடுத்தடுத்து எடுத்தே ஊர் ஊராகப் பதிவு செய்தார். அவருடைய படங்களில் அசையாமல் நின்றவர்கள் தெளிவாக இருக்கிறார்கள். ஓடும் தண்ணீரின்மேல் மட்டும் சிவப்பும் பச்சையும் நீலமும் சிதறிக் கிடக்கும். நூறு ஆண்டுக்கு மேலாயிற்று, இன்றைக்கு நாம் வலிய வரவழைக்கும் கிளிட்ச் அங்கே தானாக வந்திருக்கிறது. அந்தத் தண்ணீரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

ஜூலை 7

தம்பி, உன் ஊர்ப்பக்கம்தானே பதின்மூன்று கண் பாலம். ரயில் போகும்போது இதையே செய்து பார். வெளிர் வானத்துக்கு எதிரே இருண்ட ரயில் என்றால் நீலப்பச்சை, மெஜந்தா, மஞ்சள் என்று மூன்று ரயில்கள் வரும். இருட்டில் விளக்குப் போட்ட ரயில் என்றால் சிவப்பு, பச்சை, நீலம். ஜூன் 15-இல் சொன்ன அதே விதி.

ஜூலை 13

ஃபைலையே உடைப்பது எப்படி என்று மூன்று பேர் கேட்டாயிற்று. பிரதியை மட்டும் உடையுங்கள், மூலத்தை வேறு இடத்தில் வைத்துவிட்டு.

பிஎம்பி என்ற பட ஃபைல் வகை பழகுவதற்கு நல்லது. சாதாரண 24 பிட் பிஎம்பியில் முதல் 54 பைட் தலைப்பு, அதைத் தொட்டால் படம் திறக்காது. அதற்குப் பிறகு ஒவ்வொரு புள்ளிக்கும் நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் மூன்று பைட். நடுவில் ஒரே ஒரு பைட்டை எடுத்துவிட்டு ஃபைலின் கடைசியில் ஒன்று சேர்த்துவிட்டால், அங்கிருந்து எல்லாம் ஒரு இடம் முன்னால் வந்துவிடும். பச்சை நீலமாகப் படிக்கப்படும், சிவப்பு பச்சையாக, அடுத்த புள்ளியின் நீலம் சிவப்பாக. தோல் நிறம் பச்சைப் பாசியாக மாறும். பிஎம்பியில் படம் கீழிருந்து மேலாக எழுதப்படுவதால் உடைத்த இடத்துக்கு மேலே உள்ள பாதிதான் நிறம் மாறும். காலுக்கு ஒன்றும் ஆகாது, முகம் போய்விடும்.

ஒலியைத் திருத்தும் அடாசிட்டி செயலியில் அதே பிஎம்பியை ரா டேட்டாவாக, யூ-லா முறையில் திறக்கலாம். தொடக்கத்தைக் கொஞ்சம் விட்டுவிட்டு நடுவில் எக்கோ போட்டு, அதே முறையில் தலைப்பில்லாமல் எழுதினால் படத்தில் எதிரொலி தெரியும். பாட்டுக் குழு போஸ்டருக்கு அவர்கள் பாட்டில் போட்ட அதே எக்கோவைப் படத்திலும் போடலாமே. இதைக் கேட்டதும் புனலூர்ப் பையன்கள் துள்ளிக் குதித்தார்கள் என்று தம்பி எழுதியிருந்தான்.

ஜூலை 14

ஜேபெக் வேறு மாதிரி உடையும். அது படத்தை எட்டுக்கு எட்டுப் பிக்சல் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தின் சராசரி நிறத்தையும் முந்தைய கட்டத்தைவிட எவ்வளவு கூட, எவ்வளவு குறைய என்று மட்டுமே எழுதி வைக்கிறது. கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியில் தப்பாக எழுதினால் அதற்குக் கீழே எல்லா மீதியும் தப்பாகப் போகிற மாதிரி, ஒரு பைட் கெட்டால் அங்கிருந்து கடைசிவரை எல்லாக் கட்டமும் நிறம் மாறும். கட்டங்கள் பக்கவாட்டில் வழுக்கவும் செய்யும். ஃபைலின் தொடக்கப் பகுதியில் அட்டவணைகள் இருக்கின்றன, அதை விட்டுவிட்டு நடுவில் மாற்றுங்கள்.

உடைந்த ஜேபெக்கை ஒவ்வொரு செயலியும் ஒவ்வொரு விதமாகக் காட்டும். சில திறக்கவே மாட்டா. கேலரியில் சின்னப் படம் நன்றாகத் தெரிகிறதே என்று ஏமாறாதீர்கள், அந்தச் சின்னப் படம் ஃபைலுக்குள் தனியாக இருக்கலாம். பிடித்த உடைவு வந்ததும் உடனே பிஎன்ஜியாகச் சேமியுங்கள்.

ஜூலை 20

சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்தால் கேரளாவிலிருந்து வண்டி வண்டியாக வருகிறார்கள், படம் எடுத்துக்கொண்டு இங்கேயே பிரிண்டும் கேட்கிறார்கள். அதில் சிவப்பைத் தள்ளிப் பார்த்தேன், பூவெல்லாம் சிதறி வயல் குழம்பிவிட்டது. மஞ்சள் என்றால் சிவப்பும் பச்சையும். நீலச் சேனலில் இதழ் கிட்டத்தட்டக் கறுப்பு, வானம் வெளிச்சம். நீலத்தை மட்டும் தள்ளினால் இதழின் ஒரு ஓரம் வெளுத்து, மறு ஓரத்தில் வானம் மஞ்சளாகும். பூ கெடாது.

ஆகஸ்ட் 2

அச்சு. ஆஃப்செட்டில் நீலப்பச்சை, மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நான்கு பிளேட். ரிஜிஸ்டர், அதாவது பிளேட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது விலகினால் ஒரு பிளேட் முழுவதும் ஒரே அளவு, ஒரே திசையில் தள்ளிப்போகும். பழைய போஸ்டர் தோற்றம் வேண்டுமென்றால் படத்தை சிஎம்ஒய்கேவுக்கு (இந்த நான்கு மைக் கணக்குக்கு) மாற்றிவிட்டு மெஜந்தாவைத் தள்ளு. மெஜந்தா ஒரு பக்கம், பச்சை மறுபக்கம். இருட்டு ஓரங்கள் கறுப்புப் பிளேட்டில் இருப்பதால் உருவம் கெடாமல் நிற்கும்.

ஆனால் டிவி மாதிரி வேண்டுமென்றால் ஆர்ஜிபியிலேயே முடித்துவிட்டு, கடைசியில் மாற்று. திரையில் கண்ணைப் பறிக்கும் நீலப்பச்சை மையில் அப்படி வராது, மங்கும். முதலிலேயே மனதைத் தயார் செய்துகொள்.

இன்னொன்று. 2019-இல் கேரள அரசு பிவிசி ஃப்ளெக்சுக்குத் தடை போட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் போகும் பேனர்களைத் துணியில்தான் அடிக்கிறோம். துணியில் மை கொஞ்சம் பரவும், மெல்லிய நிற ஓரம் காணாமல் போகும். புனலூருக்கு என்றால் இங்கே ஃப்ளெக்சில் வைப்பதைவிட இரண்டு மடங்கு தள்ளு, ஒரு முழத் துணியில் மாதிரி அடித்துப் பார்த்துவிட்டு முழுசாகப் போடு.

ஆகஸ்ட் 3

கண்ணீர் அஞ்சலி பேனருக்கு இதைக் கேட்டு ஒருவர் வந்தார். இளவயதில் போன பையன், அவனுக்குப் பிடிக்கும் என்றார்கள். பெயரில் மட்டும் செய்து கொடுத்தேன். முகத்தில் செய்ய மனம் வரவில்லை. அந்த அம்மா அந்த முகத்தைத்தான் பார்க்க வருவார்.

ஆகஸ்ட் 9

போஸ்டரை அசைய வைத்து ரீல்ஸ் போடப்போவதாகத் தம்பி எழுதியிருக்கிறான். இதைக் கட்டாயம் படி. முழுத்திரையில் சிவப்பும் நீலமும் மாறி மாறிப் பளிச்சிட்டால் சிலருக்கு வலிப்பு வரும். 1997 டிசம்பர் 16-இல் ஜப்பானில் ஒரு கார்ட்டூன் தொடரில் சில விநாடிகள் அப்படிப் பளிச்சிட்டு, நூற்றுக்கணக்கான குழந்தைகளை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஒரு விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடக் கூடாது என்பது இணையப் பக்கங்களுக்கே வகுத்த விதி. அடர்சிவப்பு இன்னும் ஆபத்து. ஓரங்கள் மெதுவாக விலகிச் சேரட்டும், அதுவே போதும்.

ஆகஸ்ட் 16

தம்பி அனுப்பிய போஸ்டர் வாட்ஸ்அப்பில் வந்தது. ஓரமெல்லாம் சாயம் போன மாதிரி இருந்தது. வேலையில் குறை இல்லை. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி மறுபடி ஜேபெக் ஆக்குகிறது. பொதுவாக ஜேபெக் நிற விவரத்தை நீளத்திலும் அகலத்திலும் பாதியாக்கித்தான் வைக்கும். கண் நிறத்தை அவ்வளவு கூர்மையாகப் பார்ப்பதில்லை என்ற நம்பிக்கையில் செய்கிற சிக்கனம். நம் வேலையோ முழுக்க மெல்லிய நிற ஓரம்.

பிஎன்ஜியாகச் சேமித்து, டாகுமென்டாக அனுப்பு. ஜேபெக்தான் வேண்டும் என்று அச்சகத்தில் கேட்டால் கிம்ப்பில் எக்ஸ்போர்ட் செய்யும்போது சப்சாம்ப்ளிங் 4:4:4 (நிறத்தைப் பாதியாக்காமல் விடுவது) என்று வை. ஊர்ப் பெயரும் தேதியும் எழுதிய லேயரைத் தள்ளாமல் மேலே தனியாக விடு, துணியில் அடித்தாலும் படிக்க வர வேண்டும்.